உயிர் என்ன டூ மார்க் கேள்வியா?

உங்களுக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் யாரையாவது கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘உன் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கும் ஆள் திடீரென்று சுருண்டு விழுகிறார். தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை. மூச்சும் இல்லை. நீ என்ன செய்வாய்?’

பதில் மூன்று வகையில் வரும். ஒன்று, ‘நூத்தியெட்டுக்கு போன் பண்ணுவேன்.’ சரியான பதில். ஆனால் பாதி பதில். இரண்டு, ‘முகத்துல தண்ணி தெளிப்பேன், ஒரு சோடா வாங்கிட்டு வரச் சொல்வேன்.’ இது தமிழ் சினிமா கற்றுக்கொடுத்தது. மூன்று, ‘சிபிஆர் பண்ணணும் சார்.’ இப்படிச் சொல்பவரை விடாதீர்கள். ‘எங்கே, கையை எங்கே வைப்பே, காட்டு பார்க்கலாம்’ என்று கேளுங்கள். பலருக்குக் கை இடது பக்க நெஞ்சுக்குப் போகும். சிலருக்கு வயிற்றுக்குப் போகும். இன்னும் சிலருக்கு பாக்கெட்டில் இருக்கும் செல்போனுக்குப் போகும். வீடியோ எடுக்க!

இவர் பிளஸ் டூவில் இதயத்தின் படத்தை வரைந்து, நான்கு அறைகளையும் அழகாகப் பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியவராக இருக்கலாம். இதயத்தின் உள்ளே எந்த வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியும். அது நின்றுபோனால் என்ன செய்வது என்று தெரியாது. பதினைந்து வருடப் படிப்பின் லட்சணம் இது.

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்கிறது. ஆள் வேர்த்து விறுவிறுத்து, வலியோடு பேசிக்கொண்டிருப்பார். இதயம் நின்றுபோனால் பேச்சே கிடையாது. நின்ற இடத்தில் விழுவார். மாரடைப்பு முற்றியும் அப்படி ஆகலாம். கரன்ட் ஷாக் அடித்தும் ஆகலாம். கிணற்றிலோ கடலிலோ மூழ்கியும் ஆகலாம். மூளைக்கு ரத்தம் போவது அந்தக் கணத்தில் நிற்கிறது. நான்கு முதல் ஆறு நிமிடத்துக்குள் மூளை கெட ஆரம்பிக்கிறது. சுற்றி நிற்பவர்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவிகிதம் குறைகிறது என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. தமிழ்நாட்டில் 2008லிருந்து 108 ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல சேவை. ஆம்புலன்ஸ் பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது என்றே வையுங்கள். கழித்துப் பாருங்கள். மீதி என்ன இருக்கிறது?

அந்தப் பத்து நிமிடத்துக்கான வேலைதான் சிபிஆர். நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைக்க வேண்டும். அதன் மேல் இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சை முழுசாக மேலே எழும்ப விட வேண்டும். பயிற்சி பெற்றவர்கள் 30 தடவை அமுக்கி 2 தடவை வாயில் ஊதுவார்கள். முன்பின் தெரியாதவர் வாயில் ஊதத் தயக்கமா? திடீரென்று விழுந்த பெரியவர்களுக்குப் பொதுமக்கள் ஊதாமல் அமுக்கினாலே போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008லேயே சொல்லிவிட்டது. நம் நாட்டு மயக்க மருந்து டாக்டர்களின் சங்கமும் 2017ல் பொதுமக்களுக்கென்று அமுக்குவதை மட்டும் வைத்தே ஒரு வழிமுறையை வெளியிட்டது.

படித்துவிட்டீர்களா? இப்போது உங்களுக்கு சிபிஆர் தெரியுமா?

தெரியாது. இந்த வாரம் நான் சொல்ல வந்த மொத்த விஷயமும் இதுதான். இது படித்தால் வருகிற வித்தை அல்ல. ஐந்து சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு பலம் போட வேண்டும் என்று கைக்குத் தெரிய வேண்டும். இரண்டு நிமிடம் அமுக்கினால் தோள் எப்படிக் கழன்று போகும் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். விழுந்தவருக்கு அவ்வப்போது மூச்சு ஏங்கி ஏங்கி வரும். நம் வீடுகளில் ‘இழுத்துக்கிட்டு இருக்கு, இன்னும் உயிர் இருக்கு’ என்று சொல்லிக் காத்திருப்பார்கள். அது மூச்சே அல்ல, உடனே அமுக்க ஆரம்பிக்க வேண்டும் என்பது கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும். நீச்சல் புத்தகம் படித்தவன் கடலில் குதிக்கலாமா?

அதனால்தான் ‘கல்லூரியில் முதலுதவியைப் பாடமாக வைக்க வேண்டும்’ என்று யாராவது சொல்லும்போது எனக்கு சந்தோஷமும் வருகிறது, பயமும் வருகிறது. சந்தோஷத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பயம், நம் பல்கலைக்கழகங்களை நினைத்து. அவர்களுக்குத் தெரிந்தது ஒரே வித்தை. எதைக் கொடுத்தாலும் பேப்பராக்கிவிடுவார்கள்.

சுற்றுச்சூழல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கல்வியில் கட்டாயமாக்கச் சொன்னது. யாரும் அசையவில்லை. 2003ல் மறுபடியும் அதட்டியது. அதற்குப் பிறகுதான் எல்லாப் பட்டப்படிப்பிலும் ஈ.வி.எஸ். வந்தது. நல்ல நோக்கம். நடந்தது என்ன? ஐந்து யூனிட், ஒரு கைடு, முந்தின நாள் ராத்திரி ஜெராக்ஸ். ‘நெகிழியின் தீமைகள் யாவை?’ என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் விடை எழுதிவிட்டு, வெளியே வந்து பிளாஸ்டிக் கப்பில் டீ குடித்து, கப்பை மரத்தடியில் போட்டுவிட்டுப் போனார்கள். மாணவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களிடம் கேட்டது விடை. கொடுத்துவிட்டார்கள்.

முதலுதவிக்கும் அதே கதி வந்தால்? கேள்வித்தாளை என்னால் இப்போதே எழுதித் தர முடியும். பகுதி அ: முதலுதவி வரையறு. சிபிஆர் விரிவாக்கம் தருக. பகுதி ஆ: முதலுதவி செய்பவரின் குணநலன்கள் ஐந்தினைக் கூறு. பகுதி இ: பாம்புக்கடிக்கான முதலுதவியை விவரி அல்லது தீக்காயத்தின் வகைகளைப் படத்துடன் விளக்கு. ‘அல்லது’ இருக்கிறது பாருங்கள். பாம்புக்கடி சாய்ஸில் போய்விடும். ஊரில் பாம்புக்கு சாய்ஸ் கிடையாது.

இது வெறும் கற்பனை பயம் என்று நினைக்காதீர்கள். உத்தரப் பிரதேசத்தில் 2021ல் புதிய பாடத்திட்டம் வந்தபோது, பட்டப்படிப்பின் இரண்டாவது செமஸ்டரில் முதலுதவியும் ஆரோக்கியமும் என்று ஒரு கட்டாயப் பாடம் வைத்தார்கள். நம்மைவிட ஒரு படி முன்னே போனார்கள் என்று பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாடத்துக்கும் கைடுகள் கடைக்கு வந்துவிட்டன. கைடு போட முடிகிற முதலுதவி, கைக்கு வராத முதலுதவி.

‘எங்க காலேஜ்ல என்.சி.சி. இருக்கே, என்.எஸ்.எஸ். இருக்கே, யூத் ரெட் கிராஸ் இருக்கே’ என்று முதல்வர்கள் சொல்வார்கள். இருக்கிறது. அதில் உண்மையாக உழைக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது சேர்ந்தவர்களுக்கு மட்டும். மூவாயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் நூறு பேருக்குத் தெரிந்த முதலுதவி, விழுகிறவன் அந்த நூறு பேரின் பக்கத்தில் விழுந்தால்தான் உதவும்.

ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன். நம் ஊரில் பஸ் கண்டக்டர் லைசென்ஸ் வாங்கப் போகிறவரிடம் முதலுதவிச் சான்றிதழ் கேட்கிறார்கள். தொழிற்சாலையில் முதலுதவிப் பெட்டிக்குப் பொறுப்பாக, பயிற்சி பெற்ற ஒருவர் இருக்க வேண்டும் என்று 1948லேயே சட்டம் போட்டார்கள். அதாவது பத்தாவது படித்து பஸ்ஸில் விசில் ஊதுகிறவருக்கு முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். எம்.ஃபில். முடித்துப் பாடம் நடத்துகிறவருக்கும், பி.இ. முடித்துப் பாலம் கட்டுகிறவருக்கும் தெரிய வேண்டியதில்லை. படிக்கப் படிக்க, உயிரைக் காப்பாற்றும் பொறுப்பிலிருந்து விலக்குக் கொடுக்கிற கல்வி உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

இனி எதிர்வாதங்கள். எனக்குத் தெரிந்த நான்கைந்தையும் நானே சொல்லிவிடுகிறேன்.

‘அது டாக்டருங்க வேலை சார்.’ இல்லை. இப்போது நாம் பேசும் சிபிஆர் 1960ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து வெளிவந்தது. கண்டுபிடித்த மூவரில் ஜூட் மட்டும்தான் டாக்டர். கோவென்ஹோவன் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர். நிக்கர்பாக்கர் அவரிடம் படித்த இன்ஜினீயரிங் மாணவர். நாயின் நெஞ்சில் ஷாக் கொடுக்கும் தட்டை அழுத்தி வைத்தபோதே ரத்த அழுத்தம் லேசாக ஏறுவதை கவனித்தவர் அந்த மாணவர்தான். பயிற்சிக்கான பொம்மையை அதே 1960ல் செய்து கொடுத்தவர் நார்வேயின் பொம்மை வியாபாரி ஆஸ்முண்ட் லேர்டால். இரண்டு இன்ஜினீயர், ஒரு டாக்டர், ஒரு பொம்மைக்காரர். வருடா வருடம் லட்சக்கணக்கில் இன்ஜினீயர்களைத் தயாரிக்கும் தமிழ்நாடு ‘அது டாக்டர் வேலை’ என்று சொல்வது நியாயமா?

‘தப்பா பண்ணி விலா எலும்பு உடைஞ்சா?’ உடையலாம். சரியாகப் பண்ணினாலும் உடையலாம். எலும்பு கூடும். நின்றுபோன இதயத்தை அப்படியே விட்டால் கூடுவதற்கு ஆள் இருக்க மாட்டார்.

‘போலீஸ் கேஸ் ஆயிடும் சார்.’ இந்தப் பயம் நம் ரத்தத்தில் ஊறியது. ஆனால் 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுகிறவரைப் பாதுகாக்கும் விதிகளுக்குச் சட்டத்தின் பலத்தைக் கொடுத்துவிட்டது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று புதிய பிரிவே வந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மேல் சிவில் வழக்கும் இல்லை, கிரிமினல் வழக்கும் இல்லை. சாலை விபத்து அல்லாத இடத்திலும், சம்மதம் கேட்க முடியாத நிலையில் இருப்பவருக்கு நல்லெண்ணத்தில் உதவுவது குற்றமாகாது என்று பழைய இந்திய தண்டனைச் சட்டமே 92வது பிரிவில் சொன்னது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 30வது பிரிவு. சட்டம் பக்கத்தில் நிற்கிறது. அதை மாணவனுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

‘எல்லாரும் பிழைச்சிடுவாங்களா?’ மாட்டார்கள். பொய் சொல்லி ஒரு பாடத்தை விற்க வேண்டாம். டென்மார்க்கைப் பார்ப்போம். அங்கே 2005லிருந்து பள்ளிகளில் சிபிஆர் கட்டாயம். 2006லிருந்து டிரைவிங் லைசென்ஸ் வாங்க முதலுதவிப் பயிற்சி கட்டாயம். நம்மூரில் பைக்குக்கு ‘எட்டு’ போட்டால் முடிந்தது. 2001ல் அந்த நாட்டில் ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்று விழுந்தவர்களில் ஏறக்குறைய 21 சதவிகிதம் பேருக்குத்தான் பக்கத்தில் இருந்தவர்கள் சிபிஆர் செய்தார்கள். 2010ல் அது 45 சதவிகிதத்தைத் தொட்டது. ஒரு மாதம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 3.5 சதவிகிதத்திலிருந்து 10.8 சதவிகிதம் ஆனார்கள். ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் மேம்பட்டதற்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் நூறு பேரில் ஏழு பேர் கூடுதலாக வீடு திரும்புகிறார்கள். 2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் பந்தாட்டத்தின் நடுவே விழுந்ததை உலகமே டி.வி.யில் பார்த்தது. சக வீரர்கள் சோடா தேடவில்லை. அவரைச் சுற்றி வட்டம் கட்டி நின்றார்கள். உள்ளே நெஞ்சை அமுக்கினார்கள், ஷாக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அவர் உலகக் கோப்பையில் ஆடினார்.

கடைசி எதிர்வாதத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். ஆனால் அதுதான் பெரிசு. தொடுவது.

முதலுதவி என்றால் அடுத்தவர் உடம்பைத் தொட வேண்டும். முன்பின் தெரியாதவர், என்ன சாதியோ என்ன மதமோ, ரத்தமும் எச்சிலும் சேறுமாகக் கிடப்பார். தொட வேண்டும். விழுந்தவர் பெண்ணாக இருப்பார். சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் ஆண்களாக இருப்பார்கள். தொட வேண்டும். அதுவும் நெஞ்சில். இங்கே மட்டும் இல்லை, அமெரிக்காவிலேயே இந்தத் தயக்கம் இருக்கிறது. பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவிகிதம் பேருக்கு சிபிஆர் கிடைத்தது, பெண்களில் 39 சதவிகிதம் பேருக்குத்தான் கிடைத்தது என்று 2017ல் ஒரு ஆய்வு சொன்னது. அங்கேயே அப்படி என்றால், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி மாடிப்படி வைத்த கல்லூரிகள் இருக்கும் ஊரில் எப்படி இருக்கும்? பக்கத்து பெஞ்சுப் பெண்ணிடம் பேசினால் பைன் போடும் நிர்வாகம், அவள் மயங்கி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறது?

தீண்டாமை தப்பு என்று பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கிறோம். அதற்கு ஒரு பிராக்டிகல் வகுப்பு உண்டென்றால் அது முதலுதவி வகுப்புதான். பல சாதி, பல மதம், ஆண், பெண் எல்லாரும் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் கட்டுப் போட்டு, ஒருவரை ஒருவர் புரட்டிப் படுக்க வைத்து, ஒரே பொம்மையின் நெஞ்சை மாறி மாறி அமுக்குகிற வகுப்பு. நிர்வாகங்களுக்கு இந்தப் பாடம் கசப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

செய்ய வேண்டியதைக் கற்பது பாதிதான். செய்யக் கூடாததை மறப்பது மீதிப் பாதி. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையில் அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது நுரையீரலுக்குப் போகும். பாம்பு கடித்த இடத்தைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கிக் கட்டக் கூடாது. காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருடத்துக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் பாம்புக்கடியில் செத்தார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். 2022ல் சாலை விபத்தில் நாடு முழுக்க 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். முதல் ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் இப்படிச் சாகிறவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்றலாம் என்று சட்ட ஆணையம் 2006லேயே சொன்னது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு, விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் அந்த 48 மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பிக்கிறது. அதற்கு முந்தின நிமிடங்கள் தெருவில் நிற்கிறவர் கையில்.

ஆகவே உயர் கல்வித் துறைக்கும் துணைவேந்தர்களுக்கும் என் கோரிக்கைகள் இவை.

1. முதலுதவியை எல்லாப் பட்டப்படிப்பிலும் கட்டாயமாக்குங்கள். ஆனால் எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். ஒரு வரிகூட எழுதச் சொல்லாதீர்கள். ரெக்கார்டு நோட்டும் வேண்டாம். பொம்மையின் முன்னால் முட்டி போட்டு இரண்டு நிமிடம் சரியாக அமுக்கினால் பாஸ். இல்லையென்றால் அடுத்த வாரம் மறுபடியும் வா. யாரும் பெயில் இல்லை, யாருக்கும் விலக்கும் இல்லை.

2. முதல் வருடம் ஒரு தடவை சொல்லிக்கொடுத்து முடித்துவிடாதீர்கள். இந்தப் பழக்கம் சில மாதத்திலேயே கையை விட்டுப் போய்விடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வருடத்துக்கு ஒரு அரை நாள், படிப்பு முடியும் வரை.

3. பொம்மை வாங்கப் பணம் இல்லை என்று எந்த நிர்வாகமும் சொல்ல வேண்டாம். கல்ச்சுரல்ஸ் மேடைக்கும் நுழைவாயில் ஆர்ச்சுக்கும் ஆகிற செலவில் ஒரு பகுதி போதும். பெண் உருவப் பொம்மையும் வாங்குங்கள்.

4. சொல்லிக்கொடுக்க அரசு மருத்துவக் கல்லூரிகளின் மயக்கவியல் டாக்டர்களையும், நர்ஸுகளையும், 108 ஊழியர்களையும் கூப்பிடுங்கள். பவர்பாயின்ட் போடுகிற சிறப்பு விருந்தினர் வேண்டாம்.

5. முதல் பேட்ச்சில் மாணவர்கள் வேண்டாம். முதல்வர், பேராசிரியர்கள், ஆபீஸ் ஊழியர்கள், வாட்ச்மேன், கேன்டீன்காரர், பஸ் டிரைவர் எல்லாரும் ஒரே வகுப்பில் உட்காரட்டும். கரஸ்பாண்டென்ட்டும்தான். அவருக்கும் இதயம் உண்டு என்றுதான் நம்புகிறேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இதயம் நின்று விழுகிறவர்களில் பெரும்பாலோர் விழுவது ரோட்டில் அல்ல, வீட்டில். உங்கள் பிள்ளை கற்றுக்கொண்டால் அவன் காப்பாற்றப் போவது யாரோ ஒருவரை என்று நினைக்காதீர்கள். அது நீங்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அடுத்த ஜூனில் அட்மிஷனுக்குப் போவீர்கள். ஹாஸ்டல் எப்படி, பிளேஸ்மென்ட் எவ்வளவு, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பீர்கள். அதோடு சேர்த்து ஒன்றைக் கேளுங்கள்: ‘இங்கே ஒருத்தர் விழுந்தா நெஞ்சை அமுக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் இருக்காங்க?’

பதில் வராது. பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் அடுத்த வருடம் விளம்பரத்திலேயே போட்டுவிடுவார்கள். ஆனால் விளம்பரத்தைப் பார்த்துச் சேர்த்துவிடாதீர்கள். உள்ளே போய், எதிரே வருகிற முதல் மாணவனிடம், ‘எங்கே தம்பி, காட்டு பார்க்கலாம்’ என்று கேளுங்கள்.